கட்டு அவிழ்ந்த மரம்

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் அதை முழுப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. மரம், அவ்வளவுதான். மரம் தள்ளணும், மரம் கரையேறிடுச்சா, அது யாரு மரம்? கட்டாத மரத்தை யாரும் கடலில் இறக்கப் போவதில்லை. அதனால் முன்பாதி பேச்சில் தானாக உதிர்ந்துவிட்டது. எழுதுகிறவர்களும் வெளியூர்க்காரர்களும்தான் 'கட்டுமரம்' என்று முழுசாகச் சொல்கிறோம்.

கடல் கடந்து போன இடத்திலும் இந்தச் சொல்லை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதைப் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் சுருக்கமாகக் 'கேட்' என்பார்கள். கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் 1960களின் கடைசியில் செய்து விற்ற சின்னப் படகுக்கு 'ஹோபி கேட்' என்றே பெயர். அங்கே கட்டு மிஞ்சியது, மரம் போனது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செட்செட், மூன்று உடல் கொண்ட படகுக்கு 1940களில் 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார். அங்கே மரம் மிஞ்சியது, கட்டு போனது. 'கேட்டா' இருந்த இடத்தில் மூன்றைக் குறிக்கும் 'ட்ரை' வந்து உட்கார்ந்துகொண்டது, ஏதோ 'கேட்டா' என்றால் இரண்டு என்பது போல.

இந்தச் சொல்லின் மூளை இருப்பது கட்டில்தான். தோணி, ஓடம், வள்ளம், நாவாய் என்று தமிழில் கலங்களுக்குப் பெயர்கள் ஏராளம். அவையெல்லாம் பொருளுக்கு இட்ட பெயர்கள். கேட்டவுடன் எப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. கட்டுமரம் செய்முறையையே பெயராக வைத்திருக்கிறது. மரத்தைக் கட்டு, ஏறு, போ. பள்ளிக்கூட இலக்கணத்தில் இதை வினைத்தொகை என்பார்கள். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் எல்லாம் 'ஊறுகாய்'க்குள் அடங்குவது போல, கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம் மூன்றும் இதில் அடக்கம். இலக்கணத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கலத்துக்கு மூன்று காலமும் நிஜமாகவே தேவைப்பட்டது. எப்படி என்று பார்க்க, கடலின் ஓரத்துக்குப் போக வேண்டும்.

சென்னையில் ஆங்கிலேயர்கள் 1639இல் உரிமை பெற்றுக் குடியேறிய கரையில் துறைமுகம் என்று ஒன்று இல்லை. ஆற்றுமுகத்தில் ஒதுங்க வழியில்லை, மறைவான வளைகுடாவும் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே அலைகள் வரிசை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும். ஐரோப்பியக் கப்பல்களில் இருந்த படகுகள், அடியில் கனத்த முதுகெலும்பும் ஆணி அடித்த பலகைகளும் கொண்டவை. அலை தூக்கித் தரையில் அடித்தால் பிளந்துவிடும். இரண்டே கலங்களால்தான் அந்த அலைகளைத் தாண்ட முடிந்தது. ஒன்று மசூலாப் படகு, மற்றொன்று கட்டுமரம். இரண்டிலும் ஓர் ஆணிகூடக் கிடையாது. மசூலாவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் அது நெளியும், நெளிவதால் பிழைக்கும். ஆட்களையும் சரக்குகளையும் மசூலா ஏற்றியது. எந்தப் படகும் போக முடியாத நாட்களில் கட்டுமரம் போனது. தலையில் கூம்புத் தொப்பி, அதற்குள் நனையாத கடிதம். கப்பலுக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே தபால் இப்படித்தான் நடந்திருக்கிறது.

மசூலாவாவது படகு. கட்டுமரத்தைப் படகு என்று சொல்வதே தயக்கமாக இருக்கும். படகு என்றால் என்ன? தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே காய்ந்த இடம் ஒன்றைக் காப்பாற்றுவது. உலகமெங்கும் மரத்தைக் குடைந்ததும், பலகை பொருத்தியதும், இடுக்கில் பஞ்சு அடைத்துக் கீல் பூசியதும் அதற்காகத்தான். கட்டுமரத்தை முதலில் கட்டியவர் அந்த விதியையே விட்டுவிட்டார். தண்ணீர் வரட்டும், வந்த வழியே போகட்டும். உள் என்று ஒன்று இருந்தால்தானே அதில் தண்ணீர் நிரம்பும்? மரங்களின் இடுக்கு வழியே அலை ஏறி அதே இடுக்கு வழியே வடிந்துவிடும். முங்குகிற பேச்சே இல்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இதற்கு விலையும் உண்டு. ஏறுகிறவர் எப்போதும் நனைந்துதான் இருக்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்கச் சம்மதித்த பிறகு, மற்றக் கலங்களுக்குப் பெரும்பாடாக இருந்த பல தொல்லைகள் இதற்கு இல்லாமலே போயின.

மரமும் கண்ட மரம் அல்ல. லேசாக மிதக்க வேண்டும்: மலைவேம்பு, இலவு, முள்முருக்கு, பிற்காலத்தில் கேரளத்திலிருந்து வந்த அல்பீசியா. இவ்வளவு லேசான மரம் தண்ணீரையும் சீக்கிரம் குடிக்கும். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிக் கரைமேல் போட்டுக் காயவிடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்டு. கட்டிய, கட்டுகிற, கட்டும் என்று மேலே சொன்னது இதுதான். அவிழ்க்க முடிவதில் இன்னொரு வசதியும் இருந்தது. தொழிலுக்குத் தகுந்தபடி கலத்தின் அளவை மாற்றிக்கொள்ளலாம். கிட்டே போவதற்குச் சின்னமரம், பெரிய வலைக்குப் பெரியமரம். கோலா மீன் தேடி ஆழ்கடலுக்குப் போக, மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாய் கட்டிய கோலாமரம். சென்னையில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியக் கலங்களின் வடிவங்களை ஆராய்ந்து 1920இல் வெளியிட்ட நூலில், இவற்றை ஊர்வாரியாக வகைப்படுத்தியிருக்கிறார்.

இதை யாரோ அவசரத்துக்கு இரண்டு கட்டையைச் சேர்த்துக் கட்டிய வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நிறையப் பேர் அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்தையும் வாச்சியால் செதுக்கி, நடுமரத்தையும் பக்கமரத்தையும் அளவு பார்த்து, அணியத்தை அலைக்கு ஏற்றபடி மேல்நோக்கி வளைய விட்டு, முன்னும் பின்னும் கயிறு எங்கே எத்தனை சுற்று என்று கணக்குப் பார்த்துக் கட்டுகிறார்கள். வடசென்னைப் பட்டறைகளில் 'ஒப்பேத்துறது' என்று ஒரு சொல் புழங்குகிறது. உதிரி பாகம் கிடைக்காதபோது இருப்பதைக் கொண்டு இன்றைக்கு வண்டியை ஓட வைப்பது. இதன் இந்திக்காரத் தம்பி 'ஜுகாட்' 2012இல் நிர்வாகவியல் புத்தகம் ஒன்றின் தலைப்பாகி உலகம் சுற்றியது. ஒப்பேத்துவதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது நாளைக்குச் சரிசெய்ய வேண்டியது. கட்டுமரம் பல தலைமுறை தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்து முடித்த வேலை. புதுமை என்றாலே இருப்பதை வைத்துச் சமாளிப்பது, அதுவும் ஏழைகளின் புதுமை என்றால் நிச்சயம் அதுதான் என்று இப்போது பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் கட்டுமரத்துக்கு இடம் கிடையாது.

சொல் எவ்வளவு பழையது? சங்கப் பாடல்களில் மீனவர் கலத்துக்குத் திமில் என்று பெயர். கட்டி மிதக்கவிட்டதற்குப் புணை. உயிரின் போக்கைச் சொல்ல வந்த கணியன் பூங்குன்றனார் எடுத்துக்கொண்டதும் ஆற்றோடு போகும் புணையைத்தான். புணைதல், பிணைதல், கட்டுதல் எல்லாம் அக்கம்பக்கத்துச் சொற்கள். கருத்து பழையது, பெயர்தான் புதிது. பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' நம் கிழக்குக் கரையைச் சொல்லும் இடத்தில், ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களுக்குச் 'சங்கரா' என்று பெயர் தருகிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன். சோழர்கள் கட்டுமரத்தில் ஏறிப்போய்க் கடாரத்தை வென்றார்கள் என்று சமூக ஊடகத்தில் சுற்றுகிற கதைக்கு மட்டும் வர மாட்டேன்.

ஐரோப்பியர் காதில் இந்தப் பெயர் விழுந்தது நம் கரையில்தான். வெனிசைச் சேர்ந்த நகை வணிகர் காஸ்பரோ பால்பி 1580களின் தொடக்கத்தில் சாந்தோமில் இறங்கியவர். ஏழு மரங்களைக் கட்டியது, அவற்றில் ஐந்து அடித்தளம், நடுவில் இருப்பது மற்றவற்றைவிட நீளம் என்று எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் காதில் அது 'கதமெரோனி'. 1673இல் இந்தக் கரையோரம் வந்த மருத்துவர் ஜான் ஃப்ரையரும் பாயோடும் துடுப்போடும் கப்பலைத் துரத்தி வந்த கட்டுமரங்களைக் குறித்து வைத்தார். வில்லியம் டாம்பியர் பாதி மாலுமி, பாதி கடற்கொள்ளையர். 1690இல் புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதங்கள் தங்கினார். அவருடைய உலகப் பயண நூல் 1697இல் வெளிவந்து நன்றாக விற்றதில், சொல் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. பெரு நாட்டுக் கரையில் தாம் கண்ட பெரிய மரத்தெப்பங்களோடு இதை ஒப்பிட்டு, இங்கே ஒரு மரம், மிஞ்சினால் இரண்டு, ஏறியவனின் காலும் இடுப்பும் தண்ணீரிலேயே என்கிறார். பிரெஞ்சுப் பாதிரிகள் 'காத்திமரோன்' என்றார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'கட்டு', 'மரம்' என்று சரியாகப் பிரித்துக் காட்டிவிட்டு, ஆங்கிலேயர் கடைசி அசையை அழுத்திச் சொல்வது தவறு என்று ஒரு குட்டும் வைத்தது. யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இந்தச் சொல் போன இடங்கள் வேடிக்கையானவை. நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த 1804இல், அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் வெடிமருந்து நிரப்பிய பெட்டிகளைக் கடிகாரப் பொறியோடு மிதக்கவிட்டு புலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்கப் பார்த்தார். அந்த மிதக்கும் குண்டுகளுக்குப் பெயர் கேட்டமரான். தாக்குதலில் சேதம் பெரிதாக இல்லை. கேலிதான் மிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்ணையும் கேட்டமரான் என்று திட்டினார்கள், ஓசையில் பூனை ஒளிந்திருந்ததால். ராயபுரத்துப் பெண்கள் இதைக் கேட்டிருந்தால் பதிலுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அச்சில் போட முடியாது.

நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தியில் ஒரு திருத்தம் வேண்டும். இன்றைய கேட்டமரான் என்பது இரண்டு மெல்லிய உடல்களை இடைவெளி விட்டு மேல்தளத்தால் இணைத்த கப்பல். அந்த வடிவம் நம்முடையது அல்ல. பசிபிக் தீவு மக்கள் இரட்டைத் தோணிகளில் ஏறித்தான் பெருங்கடலின் தீவுகளில் குடியேறினார்கள். 1662இல் வில்லியம் பெட்டி டப்ளினில் இரட்டை உடல் கப்பல் கட்டிப் பந்தயத்திலும் விட்டார். அதை அப்போது யாரும் கேட்டமரான் என்று அழைக்கவில்லை. 1876 ஜூனில் நியூயார்க் அருகே நடந்த பந்தயத்தில் நதானியல் ஹெரஷாஃப் என்ற இளம் கப்பல் வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டார்கள், பரிசு அவருக்கு மறுக்கப்பட்டது. இது படகே அல்ல என்ற எரிச்சல்தான். மறு ஆண்டே அவர் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டில்தான் பெயர் இரட்டை உடல் கலத்தின் மேல் நிலையாக ஒட்டிக்கொண்டது. வடிவம் பசிபிக்குடையது, பெயர் சோழமண்டலக் கரையுடையது, பணம் பண்ணியது அமெரிக்கா. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்கக் கோப்பைக்காகப் பாய்ந்த 72 அடிக் கேட்டமரான்கள் உடல் தண்ணீரைத் தொடாமலே பறந்தன. எங்கள் பாட்டன் செய்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீரைப் படகுக்குள் விடத் துணிந்ததுதான் நம் பாட்டன் செய்தது.

கட்டு என்ற வினையை வடசென்னை இன்னும் வேறு வேலைகளில் கைவிடவில்லை. வீட்டைக் கட்டுகிறோம், அணையைக் கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம் என்பது எல்லா ஊருக்கும் பொது. இங்கே பாட்டையும் கட்டுவார்கள். சாவு வீட்டு முன்னால் விடிய விடியப் பாடும் கானாவை யாரும் இயற்றுவதில்லை, எழுதுவதும் குறைவு. தெரிந்த மெட்டு, இறந்தவரின் பெயர், தெருவின் பெயர், அன்றைக்குக் காதில் விழுந்த செய்தி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதுதான். அவிழ்த்து அடுத்த வீட்டில் வேறு மாதிரியும் கட்டலாம். படைப்பு என்றால் வெறும் கையில் ஒன்றை வரவழைப்பது என்ற எண்ணம் அந்தப் பந்தலின் கீழ் செல்லுபடியாகாது.

ராயபுரத்தின் பெயரும் கடலில் நனைந்ததுதான். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். கலிலேயாக் கடலில் வலை வீசியவர். படகோட்டிச் சமூகத்தார் அவர் பெயரில் 1829இல் எழுப்பிய கோயிலிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் இறக்கிச் சம்பாதித்த கூலி அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது.

அந்தக் கூலிக்கு முடிவு கட்டியது துறைமுகம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 புயல் கட்டியதை உடைத்தது. மறுபடி கட்டினார்கள். கல் அணைகளுக்கு உள்ளே கடல் அடங்கியதும் மசூலாவுக்கு வேலை போயிற்று. கட்டுமரத்துக்கு அடி வேறு வழியில் வந்தது. இந்தக் கரையோரம் மணல் ஆண்டு முழுவதும் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போன பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மரம் ஏறி இறங்கவும், அவிழ்த்துக் காயப் போடவும் மணல் வேண்டும். கருங்கல் மேல் எதைக் காயப் போடுவது? மெரினாவில் மாலை நடை போகிறவர்கள் காலடியில் இருப்பதில் ஒரு பங்கு திருவொற்றியூரின் மணல்.

பிறகு இயந்திரம் வந்தது, ஃபைபர் வந்தது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையில் இருந்துகொண்டு கரையில் ஏறி இறங்கும் புதுக் கலங்களைச் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் குவிந்த ஃபைபர் படகுகள் மிச்சமிருந்த கட்டுமரங்களையும் ஓரங்கட்டின. லேசான மரமும் விலையேறி, கிடைப்பது அரிதாயிற்று. இன்று சென்னையின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் தெர்மாகோல் பாளங்களைச் சேர்த்துக் கட்டி ஒற்றை ஆளாக வலை வீசப் போகிறவர்களைப் பார்க்கலாம். மரம் போய்விட்டது, கட்டு இருக்கிறது.

இனி சங்கரா. மலையாளத்தில் தெப்பத்துக்குச் 'சங்ஙாடம்' என்று பெயர். போர்ச்சுகீசியர் அதை 'ஜங்காடா' என்று எடுத்துக்கொண்டு பிரேசிலுக்குக் கொண்டுபோய், அங்கே பழங்குடியினர் மரங்களைப் பிணைத்து ஓட்டிக்கொண்டிருந்த தெப்பத்துக்கு வைத்தார்கள். இங்கேயும் அதே கதை: பொருள் அவர்களுடையது, பெயர் நம் பக்கத்துக் கரையுடையது. பெரிப்ளஸ் சொன்ன சங்கராவும் இந்தக் குடும்பம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இந்தச் சொல் தமிழிலும் இருக்கிறது. அகராதியில் துன்பம் என்ற பொருளுக்குப் பக்கத்திலேயே, தனிச் சொல்லாக, இரட்டைத் தோணி என்ற பொருளோடு. ஆக, இரட்டை உடல் கலத்துக்குத் தமிழில் சரியான பெயர் கட்டுமரம் அல்ல. சுற்றுலா விளம்பரங்களில் இப்போது போடுகிற 'கேட்டமரான்' என்ற திரும்பி வந்த சொல்லும் தேவையில்லை. அகராதியில் தயாராக இருக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சொல் 'சங்கடம்'. அப்படிப் பெயர் எழுதிய கலத்தில் சீட்டு வாங்கி ஏறுவதற்கு ஆள் கிடைக்குமா என்பதைச் சுற்றுலாத் துறைதான் யோசிக்க வேண்டும்.